மார்பளவுப் படம்

இன்றைக்குச் சனிக்கிழமை என்பது கிருபாகரனுக்கு டீக்கடை வாசலில்தான் உறைத்தது. டீக்காரர் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்தார். எட்டிப் பார்த்தால் சனி. அட ஆண்டவரே, வெள்ளி என்றல்லவா நினைத்துக்கொண்டு கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். கல்யாண வேலை இல்லாத வாரத்தில் போட்டோக்காரனுக்குக் கிழமை எல்லாம் ஒன்றுதான், அதற்காக இன்றைக்கா, இந்த வேலைக்கா. சனிப் பொணம் தனிப் போகாது. ச்சீ, காலங்காத்தாலே நாக்கில் வந்து உட்காருகிற வார்த்தையைப் பார். டீயை ஊதி ஊதிக் குடித்தான், ஆறிப்போன டீயைத்தான் ஊதுகிறோம் என்று தெரியாமலே ஊதினான். எதிர்ச் சாரியில், கால்வாய்ச் சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு நின்றாள் எப்சிபா, இவன் அக்கா சலோமியின் ஒரே பெண், 'குப்பவண்டி' என்று பேர் வைத்துக்கொண்டு காது கிழியப் பங்க் பாட்டுப் பாடுகிற கூட்டத்தின் தலைவி. பாடுகிறாள் என்று அவள் சிநேகிதர்கள் சொல்வார்கள். கத்துகிறாள் என்று அக்கா சொல்வாள். கிருபாவுக்கு அது யாரோ பள்ளத்துக்குள்ளேயிருந்து கூப்பிடுகிற மாதிரி கேட்கும், அதை அவன் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஒரு பக்கம் மழித்த தலை, மறுபக்கம் கண்ணை மறைக்கிற முடி, கறுப்புச் சட்டை, தோளிலிருந்து கைமுட்டி வரைக்கும் வரிசையாக ஊக்கு. பார்க்கிறவன் ஃபேஷன் என்று நினைத்துக்கொள்வான். அத்தனை ஊக்கும் அக்காவுடையது. அவசரத்துக்கு ஆகும் என்று தாலிச் சரட்டில் கொத்தாக மாட்டி வைத்திருப்பாள். மச்சான் போனபிறகு சரடு போயிற்று, ஊக்கு மட்டும் பவுடர் டப்பாவில் கிடந்தது, அதை எடுத்துக் குத்திக்கொண்டுதான் இவள் மேடை ஏறுகிறாள். முதல் தடவை பார்த்த அன்றைக்கு அக்கா உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்த அக்காதான் இன்றைக்கு இவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன் போட்டாள். ஆல்பம் அட்டைக்கு மேன்ஹோல்ல எறங்கி நின்னு படம் எடுக்கப் போறாளாண்டா, நான் சொன்னாக் கேக்கமாட்டா, அவ அப்பன் மாதிரி, நீ கூட இருக்கற தைரியத்துலதான் அனுப்பறேன், கீழ எறங்க மட்டும் விடாத கிருபா என்றாள். விடமாட்டேங்கா என்றான், வாயில் பற்பசை நுரையோடு. நுரையோடு சொன்னதும் சத்தியக் கணக்கில் சேருமா என்று இப்போது ஒரு யோசனை ஓடுகிறது, அசட்டு யோசனை.

போலாமா மாமா என்று அவள் முன்னால் நடந்தாள். புளியந்தோப்புப் பக்கம் காலை வெயில் இன்னும் சுவரைத் தாண்டவில்லை. பேசின் பிரிட்ஜில் ஏதோ ரயில் நின்று நின்று பெருமூச்சு விட்டது, கால்வாயின் வீச்சம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது, அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை, சரக்குக் கொட்டகையின் பின்சுவரைத் தட்டிப் பார்த்து இங்க எடு என்றாள். எடுத்தான். மின்கம்பத்தை நடுவில் விட்டு எடுத்தான், அவள் முகத்தில் பாதியைக் கம்பம் தின்றது. குனிந்து எடுத்தான், கூரைத் தகரம் நெற்றியை வெட்டியது. கேமராவைச் சாய்த்து எடுத்தான், அவள் சுவரோடு சேர்ந்து சரிந்தாள். கிருபா அண்ணனோட ஆங்கிளே தனி என்று அவள் கூட்டத்துப் பையன்கள் கொண்டாடுவார்கள், எங்கேயோ படித்துவிட்டு வந்து அதற்கு என்னென்னவோ பேர் சொல்வார்கள், இவன் தலையை ஆட்டிக்கொள்வான். ஆங்கிளாவது மண்ணாவது. பயம். பச்சைப் பயம். ஒரு ஆளைக் கட்டத்துக்குள் பார்த்த உடனே இவன் மனசு ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: இந்த மூஞ்சியை வெட்டியெடுத்து நடுவில் வைத்து மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட முடியுமா? முடியும் என்றால் கை தானாகக் கேமராவைச் சாய்த்துவிடும். முடியாது என்றால் அது நல்ல படம். இப்படியே கல்யாண வேலையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. என் பொண்ணு மூஞ்சில பாதி மாவிலைத் தோரணம்தான்யா தெரியுது என்று ஒரு பெண்ணின் அப்பா ஆல்பத்தைத் தூக்கி ஸ்டூடியோ மேஜையில் போட்டார். பாஸ்போர்ட் படத்தை நேராகத்தான் எடுத்தாக வேண்டும், சர்க்கார் கேட்கிறதே. எடுத்துக் கையில் கொடுத்த மறுநிமிஷம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவான். பிற்பாடு யாராவது வீங்கின கண்ணோடு வந்து, அப்பா படம் ஒண்ணு இங்க எடுத்தாராம், அதப் பெருசு பண்ணித் தர முடியுமா என்று கேட்பார்கள். இல்லைங்க என்பான். அந்த இல்லையைச் சொல்லும்போது மட்டும் உடம்பில் ஒரு நிம்மதி பரவும், என்னவோ அந்தச் சாவில் தனக்குப் பங்கில்லை என்பது போல. சூடு கண்ட பூனை, வேறென்ன.

சூடு என்றால் அப்படி இப்படிச் சூடா. எப்சி அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மச்சான் தனசீலனை நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளையைப் பின்னால் ஸ்டூலில் ஏற்றி, கைய அப்பா தோள்மேல வை பாப்பா என்று சொன்னதே இவன்தான். வைத்தாள். நகத்தில் சிவப்புச் சாயம், அதைக் காட்டவேண்டும் என்று விரலை விரித்து வைத்தாள். மச்சான் சிரித்துவிட்டார், கூச்சம் அவருக்கு. நல்ல படம், அந்தக் காலத்தில் நேராக எடுப்பான் கிருபா, ஊசி நூல் கோத்த மாதிரி நேராக. அப்புறம் ஒரு சனிக்கிழமை. மச்சானுக்கு அது தினப்படி வேலைகூட இல்லை, கூப்பிட்டால் போவார். யாரோ கூப்பிட்டார்கள், ஒரு அடுக்குமாடி வீட்டின் கழிவுத் தொட்டி, கயிறு கிடையாது முகமூடி கிடையாது, இறங்கினார். அக்காவின் போன் வந்தபோது இவன் காதுகுத்து வீட்டில் நின்றிருந்தான். உள்ள எறங்குன மனுசன் இன்னும் மேல வரலைன்றாங்கடா கிருபா. அந்தக் குரல் இன்னும் காதுக்குள்தான் இருக்கிறது, குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, இன்னும் மேல வரல, இன்னும் மேல வரல. ராத்திரியே போஸ்டர் அடிக்கவேண்டும் என்று தெருப் பையன்கள் வந்து நின்றார்கள், மச்சானுக்குத் தனியாக ஒரு படம் இல்லை, இந்தப் படத்திலிருந்துதான் வெட்டி எடுத்தான். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு நிற்கக் கம்ப்யூட்டரில் அக்காவை வெட்டினான், பிள்ளையை வெட்டினான், நாற்காலியை அழித்தான், கொடுத்து அனுப்பினான். விடிந்து பார்த்தால் தெரு நெடுக மச்சான் சிரிக்கிறார், சுவருக்குச் சுவர், தோளில் நாலு விரலோடு. சின்ன விரல். சிவப்பு நகம். எதிர்வீட்டுக் கனகவல்லி போஸ்டரையே உற்றுப் பார்த்துவிட்டு, இன்னாபா இது, சனிக்கிழமை போன மனுசன், தனியாப் போகமாட்டானே, அவன் தோள்ல உசுரோட இருக்கற புள்ள கைய விட்டு வெச்சுக்கிற, ஒரு கோழியாவது பொட்டிகூடக் கட்டி அனுப்புங்கப்பா என்றாள். நாங்க வேதக்காரங்க, பாஸ்டர் திட்டுவாரு என்று அக்கா சொல்லிவிட்டாள். கோழி கட்டவில்லை. அன்றையிலிருந்து இவனுக்குத் தூக்கம் போயிற்று. எப்சிக்குக் காய்ச்சல் என்றால் விரல், சைக்கிளிலிருந்து விழுந்தாள் என்றால் விரல், பள்ளிக்கூடத்திலிருந்து வரத் தாமதமானால் விரல். ஒருநாள் விடியுமுன்னே கிளம்பிப் போய் ஒவ்வொரு போஸ்டராகக் கிழித்தான். பசை என்றால் அப்படிப் பசை, நகம் பெயர்ந்தது. ரேஷன் கடைச் சுவரில் ஒன்று, மேலேயிருந்து கிழிக்க முகம் மட்டும் சரசரவென்று கையோடு வந்தது, தோளும் விரலும் சுவரிலேயே நின்றது. அதற்குள் யாரோ, இன்னாபா மச்சான் போஸ்டரையே கிழிக்கிற என்று குரல் கொடுக்க, முகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்துவிட்டான். ஓடிவந்தவன்தான், இன்னும் நின்றபாடில்லை.

மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று, சினிமாவா என்று கேட்டாள். பாட்டும்மா என்றாள் எப்சி. அந்தம்மா கிருபாவை ஏற இறங்கப் பார்த்து, அந்தப் பொண்ணு மூஞ்சி நல்லாத்தானே கீது, நேரா எடேம்பா, கம்பத்தயே எடுத்துனு கீறே என்று சொல்லிவிட்டுப் போனாள். எப்சி சிரிக்கவில்லை. கேட்டியா என்பது மாதிரி பார்த்தாள், அப்புறம் கால்வாய்க் கரையோரம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள், கிருபா பின்னாலேயே போனான். வேலியில்லாத இடம், மண் குவியல், கம்பி நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டு. அங்கே இருந்தது அது. மூடி போடாத சதுரப் பள்ளம். பயப்படாத மாமா, புதுசு, மழைத் தண்ணிக்குக் கட்டினது, இன்னும் எதோடயும் சேக்கல, வேலை செய்றவங்களக் கேட்டுட்டேன், நெஞ்சளவு ஆழம்தான் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். கேட்டுட்டாளாம். மச்சானும் கேட்டிருப்பார், ஒண்ணும் இல்ல எறங்கு என்றுதானே யாரோ சொல்லியிருப்பார்கள். கிருபா கேமராவை மண்மேல் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான், தலையைப் பள்ளத்துக்குள் விட்டு மோந்து பார்த்தான். சிமெண்டு வாசனை. ஈரச் சுண்ணாம்பு. புதுவீட்டுப் பால் காய்ச்சுகிற அன்றைக்கு அறைக்குள் அடிக்குமே, அந்த வாசனை. அடியில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தவளை, கொஞ்சம் வானம் தெரிகிற தண்ணி. ஒன்றுமில்லை. ஆனால் வாயுவுக்கு நிறம் ஏது, சில வாயுவுக்கு நாற்றமும் கிடையாதாமே, முதல் மூச்சில் மூக்கு செத்துவிடுமாமே, அப்புறம் எதை மோந்து என்ன. இன்னொரு தடவை மோந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது, அது வாயுவா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, தவளையைப் பார்த்தான், தவளை தொண்டையைப் புடைத்துப் புடைத்து உட்கார்ந்திருந்தது, அது உயிரோடுதான் இருக்கிறது, நல்ல தவளை, ஆண்டவரே இந்தத் தவளைக்காக ஸ்தோத்திரம். எழுந்து பார்த்தால் அவள் எதிர் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எறங்காதடி," என்றான்.

"அம்மா சொன்னாங்களா?"

"சொன்னா."

"நீ இன்னா சொன்ன?"

"விடமாட்டேன்னேன்."

"உன்னால முடியாதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும் மாமா," என்று சொல்லிவிட்டுக் குதித்துவிட்டாள். தண்ணி தெறித்தது. தவளை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தான், வைத்த உடனே எடுத்துவிட்டான். இதை அவன் யோசிக்கவே இல்லையே. பள்ளத்தில் இறங்கின ஆள் எப்படித் தெரிவான் என்று ஒருநாளும் யோசிக்கவில்லையே. தலை, கழுத்து, தோள், நெஞ்சு வரைக்கும் உடம்பு, கீழே சிமெண்டு கோடு கிழித்த மாதிரி வெட்டிவிடுகிறது. மார்பளவு. அச்சகத்தில் கேட்பார்களே, மார்பளவுப் படம் இருக்கா சார் என்று, அதுவேதான், வெட்டவே வேண்டாம், பூமியே வெட்டிக் கையில் கொடுக்கிறது. பின்னால் வெறும் மண்சுவர், ஒரு கம்பம் இல்லை, ஒரு ஒயர் இல்லை. வெயில் இப்போதுதானா வரவேண்டும், அவள் முகத்தில் வந்து விழுந்தது, முடியை ஒதுக்கிக்கொண்டாள், அக்காவின் நெற்றி, மச்சானின் வாய். தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. போதும், நிறுத்து. கிருபா இடதுபக்கம் நகர்ந்தான். கை தானாகச் சாய்ந்தது. வேலைக்காரர்கள் குவியலில் குத்தி விட்டுப்போன மண்வெட்டிக் காம்பை முன்னால் விட்டு எடுத்தால் என்ன, பாதி மூஞ்சியை அது மறைக்கும், பையன்கள் ஆகா என்பார்கள், அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொள்ளலாம்.

"சாய்க்காத மாமா. நேரா எடு. பாஸ்போர்ட்டுக்கு எடுப்பியே அப்டி."

நேரா எடுத்தா நல்லா இருக்காதுடி, உங்க பாட்டுக்குப் பொருந்தாது, ஒரு கோணம் வேணும் என்று என்னென்னவோ உளறினான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் அவசரமில்லாமல் சொன்னாள்.

"அப்பா போஸ்டர்ல என் விரல் இருந்துச்சுல்ல. எல்லாத்தையும் வெட்டிட்டு அத மட்டும் நீ வெட்டாம விட்ட. ஸ்கூலுக்குப் போறப்போ தெனமும் ரேஷன் கடை செவுத்தாண்ட நின்னு அது மேல என் விரல வெச்சுப் பாப்பேன். அப்பா தோள இன்னும் நான் விடலன்னு இருக்கும். எனக்காகத்தான விட்ட? அதான் இந்தப் படத்த வேற யாரும் எடுக்கக்கூடாதுன்னேன்."

கிருபா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான். இல்லடி, அழுதுக்கிட்டு வெட்டினேன், கண்ணு தெரியல, தப்பு விட்டுட்டேன், அந்தத் தப்பு உன்ன இழுத்துக்குமோன்னுதான் இத்தனை வருஷமும் ஊரான் மூஞ்சியையெல்லாம் கம்பத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் சொல்கிற மாதிரியா இருக்கிறது. இவன் எதை எமன் கையென்று பார்த்துப் பார்த்து வெந்தானோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது, வளர்ந்திருக்கிறது, ஊக்கைக் குத்திக்கொண்டு மேடையேறியிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது சரி, பேய் யார் கண்ணுக்கு அப்பாவாகத் தெரியும் என்று எவன் சொல்லி வைத்தான்.

"அப்பால எவனோ கிழிச்சிட்டான் மாமா. விரல விட்டுட்டு மூஞ்சிய மட்டும் கிழிச்சினு போயிட்டான். வீட்ல இருந்த படத்த அம்மா பொட்டில வெச்சுப் பூட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா மூஞ்சி எனக்குச் சரியா ஞாபகம் வரல. அதான் நேரா கேக்கறேன். கம்பம் வேணாம், கோணம் வேணாம். இந்தப் பள்ளத்துல நிக்கற ஆளுக்கு ஒரு மூஞ்சி இருக்குன்னு தெரியணும்."

கிழித்த முகம் எங்கே? ஸ்டூடியோவில், பரண்மேல், பழைய பிலிம் டப்பாவுக்குள் மடித்து வைத்தது அப்படியே இருக்கும், பசை காய்ந்து முறுகி. எறிய மனசு வரவில்லை, பிரித்துப் பார்க்கவும் துணியவில்லை. அந்தக் கை, முகத்தைக் கிழித்த அதே கைதான் இப்போது கேமராவைப் பிடித்திருக்கிறது, மூச்சை அடக்கினால் படம் ஆடாது, வேலைக்கு வந்த புதிதில் கற்றது, அடக்கினான். நேராக்கினான். எத்தனை காலம் ஆயிற்று இப்படி ஒரு ஆளின் கண்ணுக்குள் நேராகப் பார்த்து. கட்டத்தின் நடுவில் அவள் முகம், தலைக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம், அந்த இடத்தில் எந்த எழுத்து வரும் என்று அவனுக்குத் தெரியும், வரக் கூடாது ஆண்டவரே, எந்தக் காலத்திலும் வரக் கூடாது, வந்தாலும் அதை அடிக்க நான் இருக்கக் கூடாது. சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. அக்காதான், வேறு யார். நெஞ்சுமேலேயே அதிர்ந்தது. எப்சி தலையை நிமிர்த்தினாள், வாயைத் திறந்தாள், கத்தினாள். மண்சுவர் அதை வாங்கித் திருப்பி எறிந்தது, கால்வாய்க்கு அப்பால் காக்கைகள் எழும்பின. பள்ளத்துக்குள்ளேயிருந்து கூப்பிடுகிற அதே குரல், ஆனால் இந்தத் தடவை கூப்பிடுகிற ஆளின் முகம் தெரிந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது, கண்ணில் தண்ணி தெரிந்தது. கட்டத்தின் அடியோரம் சிமெண்டு விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை, நாலு விரல். ஒரு நூல் மேலே தூக்கினால் போதும், விரல் வெளியே போய்விடும். தூக்கவில்லை. அழுத்தினான். இந்தத் தடவை தெரிந்தேதான் விட்டான்.

படம் எப்படி வந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டு, மண்டி போட்டுக் கையை நீட்டினான். போதும், ஏறு என்றான். இன்னும் ஒண்ணு மாமா என்றாள். ஏறுடி என்றான், அந்தக் குரலை அவள் கேட்டதில்லை போலிருக்கிறது, கையைக் கொடுத்தாள். ஊக்கு அவன் மணிக்கட்டைக் கீறியது. கனம் இருந்தாள், நல்ல கனம், அந்தக் கனத்தை இரண்டு கையாலும் இழுத்து மேலே போட்டுக்கொண்டு அவனும் மண்ணில் சாய்ந்தான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. போன் நின்று மறுபடி அதிர்ந்தது. எடுத்தான். அந்தப் பக்கம் அக்கா ஒன்றும் கேட்கவில்லை, எறங்கிட்டாளா என்றுகூடக் கேட்கவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மேல வந்துட்டாக்கா," என்றான் கிருபா.